அடுப்பு விசிறிய டைப்ரைட்டர்

எங்கள் வீட்டில் டைப்ரைட்டர் கிடையாது. அந்தக் காலத்தில் யார் வீட்டில்தான் இருந்தது? ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜின் மாடியில் இருந்த இன்ஸ்டிடியூட்டுக்குப் போனால்தான் அதைத் தொடலாம். எண்பதுகளின் தொடக்கம் அது. பத்தாவது முடித்த பையன் தெருவில் நடந்தால், எதிரே வருகிறவர் நலம் விசாரிக்கிற மாதிரி கேட்கும் கேள்வி, "டைப்புக்குப் போறியாப்பா?" என்பதுதான். போகிறேன் என்று சொன்னால் முகம் மலரும். பையன் ஏதோ ஒரு ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தே விட்டான் என்ற மாதிரி ஒரு திருப்தி.

நானும் போனேன். காலையில் முதல் வகுப்பு எனக்கு. ஒரு மணி நேரம் முடிந்ததும் மிஷினை அடுத்தவனுக்கு விட்டுவிட வேண்டும். மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து மேசையில் ஸ்கேலால் ஒரு தட்டு தட்டினால், அரைகுறை வார்த்தையில் நின்றாலும் எழுந்துவிட வேண்டியதுதான். மிச்ச நேரத்துக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். தீபாவளிக்கு எடுத்த சட்டைத் துணி வந்த பெட்டியின் அட்டையைக் கிழித்து, அதில் மையால் வட்டம் வட்டமாகப் போட்டு, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஓர் எழுத்து எழுதி, முழு கீபோர்டையும் இறக்கிவிட்டேன். அதுதான் என் அட்டை மிஷின். மத்தியானம் எல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு தட்டுவேன். அம்மா பார்த்துவிட்டுச் சொல்வாள், "சத்தமே வராத மிஷினு. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஒரு இம்சையும் இல்ல."

இம்புட்டுப் பாடுபட்டும் எனக்கு வேகம் வரவில்லை. வேகம் வராததைவிடப் பெரிய குறை, கீழே பார்ப்பது. டைப் அடிக்கிறவன் கண் காகிதத்தில் இருக்க வேண்டும், விரல் தானாகத் தேடிப் போக வேண்டும். என் கண் விரலைவிட்டு நகராது. பார்த்துப் பார்த்து அடித்தால் வேகம் எங்கிருந்து வரும்? வேகமாக அடித்தால் எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றுவிடும். விலக்கிவிட்டால் விரலெல்லாம் மை. மாஸ்டர் பின்னால் வந்து நின்று, "தம்பி டைப் அடிக்கல. கோழி குப்பையக் கொத்துது" என்பார். அதற்கு முதல் ஆளாகச் சிரிக்கிறவன் பக்கத்து மிஷின்காரன், என் நண்பன்.

அவன் டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன். ஆனையூரில் சித்தப்பா வீட்டில் தங்கி இருந்தான். அவன் அடித்தால் ஓட்டு மேல் மழை பெய்கிற மாதிரி இருக்கும். ஜன்னல் வழியாகப் பஸ் ஸ்டாண்டை வேடிக்கை பார்த்துக்கொண்டே அடிப்பான். எனக்கு அவன் மேல் பாசமும் எரிச்சலும் ஒரே அளவில் இருந்தன.

சர்க்கார் டைப் பரீட்சைக்கு யாரை அனுப்புவது என்று மாஸ்டர் ஒரு டெஸ்ட் வைப்பார். தேறினால் பெயரை எழுதிக்கொள்வார். தேறாவிட்டால் அடுத்த தடவைதான். எனக்கு அடுத்த தடவை என்று ஒன்று இல்லை. ஏற்கெனவே ஒரு தடவை அவர் என்னை அனுப்பவில்லை. அன்றே அப்பா முடிவு சொல்லிவிட்டார். "இன்னொரு வாட்டி அனுப்பலேன்னா பேசாம மாமா கடையில போய் உக்காந்துரு. ஆணி நிறுத்துக் கொடுக்க கையைப் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன?"

மாமாவுக்கு மேல மாசி வீதிப் பக்கம் ஒரு சின்ன இரும்புக்கடை. தங்கமான மனுஷன்தான். ஆனால் அவர் பேச்சில் பாதி ஆணி, பாதி கீல். கடைக்குள் போனால் துருவாசனை தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஆபீஸ் ஆசை. காகித வாசனை, மை வாசனை, டிராயர் வைத்த மேசை. மாமாவோ எனக்காக ஒரு புது ஸ்டூலே வாங்கிப் போட்டுவிட்டார். கடைப் பக்கம் போகும்போதெல்லாம் அது மட்டும் துரு இல்லாமல், பளபளவென்று, காலியாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். மாமா ஆசையாகச் சொல்வார், "எப்ப வேணாலும் வா மாப்ள. தேக்கு. ஆயுசுக்கும் ஆடாது." ஆயுசுக்கும் என்றது காதில் விழுந்ததும் நான் நடையைக் கட்டிவிடுவேன்.

திங்கட்கிழமை டெஸ்ட். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் அடித்த பேப்பரை மாஸ்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். அவர் திட்டினால்கூடத் தாங்கலாம். கீழே இறங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ கசந்தது. பஸ் ஹார்ன் காதைக் கிழித்தது. "தேனி தேனி தேனி" என்று கத்திய கண்டக்டரைப் பார்த்தால் கோபம் வந்தது. அந்த மனுஷன் எனக்கு என்ன செய்தார்?

நண்பன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "மாப்ள, உன் மூஞ்சியப் பாத்தா வெயில்ல காயப் போட்டு எடுக்க மறந்த வடகம் மாதிரி இருக்கு. நாளைக்கு எங்கூட ஊருக்கு வாரியா?"

"எதுக்கு?"

"அக்கா மகளுக்குக் காதுகுத்து. நாந்தான் தாய்மாமன். என் மடியிலதான் உக்கார வைப்பாக. கிடா வெட்டு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திரும்பிரலாம்."

"திங்கக்கிழமை டெஸ்ட்டை வச்சுக்கிட்டு எவனாவது கறி திங்க வருவானா?"

"ஏன், இங்க இருந்தா மட்டும் என்ன பண்ணப் போற? அந்த அட்டையப் போட்டுத் தட்டிக்கிட்டு இருப்ப. அதை அங்க வந்து தட்டு. எங்க ஊர்லயும் மடி இருக்கு."

மறுநாள் இரண்டு சட்டை, ஒரு துண்டு, எல்லாவற்றுக்கும் மேலே அட்டை மிஷின், இவற்றை மட்டும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு. திருமங்கலம் வரை அட்டையை மடியில் விரித்துத் தட்டிக்கொண்டே போனேன். எதிர் சீட்டுப் பெரியவர் வெகுநேரம் என் விரலையே பார்த்துவிட்டு நண்பனிடம் மெதுவாகக் கேட்டார், "தம்பிக்கு எம்புட்டு நாளா இப்படி?"

இவன் முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல், "பொறந்ததுல இருந்து இல்லைங்க. பத்தாவது முடிச்ச பெறகுதான்" என்றான்.

பெரியவர் உச்சுக்கொட்டி எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார். அட்டையை மடக்கிப் பைக்குள் வைத்தேன். திருமங்கலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் காடு. பருத்தி வெடித்துக் கிடந்தது. காற்று ஜன்னல் வழியாக வந்து சட்டைக்குள் புகுந்து முதுகுப் பக்கம் உப்பியது. இருந்தாலும் மனசு திங்கட்கிழமையிலேயே இருந்தது.

வீட்டு வாசலில் ஓலைப் பந்தல். சொந்தக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பையை ஒரு மூலையில் வைத்து, துண்டை உருவும்போது மேலே வந்த அட்டையைப் பக்கத்தில் போட்டுவிட்டு, நண்பன் கூப்பிட்டான் என்று கிணற்றடிக்குக் குளிக்கப் போனேன். பம்புசெட்டுத் தண்ணீர் தலையில் விழுந்தது. ஆரப்பாளையத்துக் குழாயில் ஒரு குடம் பிடிக்கிற நேரத்துக்கு அங்கே ஒரு யானையையே குளிப்பாட்டிவிடலாம். விரல் நுனி சுருங்குகிற வரை நின்றேன்.

திரும்பி வந்து பார்த்தால் பை இருக்கிறது, அட்டையைக் காணோம்.

பந்தலுக்குப் பின்னால், கல் கூட்டிய அடுப்பு முன்னால், நண்பனின் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு, கணீரென்ற குரல். வந்த சனத்துக்குச் சோறு பொங்கும் பொறுப்பு அவருடையது. ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. அவர் கையில் என் டைப்ரைட்டர். பட், பட், பட் என்று விசிறிக்கொண்டிருந்தார். நான் பார்க்கும்போதே குபீரென்று தீ எழுந்தது. அட்டையின் வலது ஓரத்திலும் ஏறிக்கொண்டது. அவர் அதைத் தரையில் அடித்து அணைத்தார்.

"பெரியம்மா! அது என் மிஷினு!"

அவர் கையில் இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதா? மிஷினா?"

"டைப் அடிச்சுப் பழகுற அட்டை. திங்கக்கிழமை டெஸ்ட்டு."

"அட பாவமே. ஏதோ வீட்டுப் பிள்ளைக கிறுக்கிப் போட்டதுன்னுல்ல நினைச்சேன். ஆனா ஒண்ணு தம்பி, நல்ல கெட்டி அட்டை. நாலு வீசுல தீ பத்திக்கிருச்சு. எங்க வீட்டு விசிறி ஒரு மணி நேரமா வீசியும் ஒண்ணும் நடக்கல."

நண்பன் ஈரத் தலையோடு ஓடி வந்தான். மிஞ்சியதை வாங்கிப் பார்த்தான். வலது பாதி கருகிப் போயிருந்தது. "கவலைப்படாத மாப்ள. இடது கை பத்திரமா இருக்கு. மாஸ்டர்ட்ட சொல்லிப் பாப்போம், பாதிப் பேப்பர் அடிச்சா போதுமான்னு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியம்மாவுக்கும் மனசு கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய் அரிசி புடைக்கிற ஒரு பழைய சுளகைக் கொண்டு வந்து நீட்டினார். "இந்தா, இதுல எழுதிக்க. இது லேசுல தீப் பிடிக்காது."

கரி எடுத்துச் சுளகில் வட்டம் போட்டும் பார்த்தேன். மூங்கில் பின்னல் மேல் எழுத்து நிற்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா ஒரு முடிவுக்கு வந்தார். "அதைக் கீழ வையி. கை சும்மா இருந்தாத்தான் கவலை வரும். இங்க வா. வெங்காயம் உரி."

அந்தப் பக்கத்து விசேஷ வீடுகளில் இது ஒரு வழக்கம். முதல் நாள் சாயங்காலம் பந்தலுக்குள் சாக்கைக் கவிழ்த்துச் சின்ன வெங்காயத்தைக் கொட்டுவார்கள். வந்த சொந்தம் அத்தனையும், ஆணும் பெண்ணும், அதைச் சுற்றி உட்கார்ந்து உரிக்க வேண்டும். சமையலுக்கு உதவி என்பது பேருக்குத்தான். வருஷம் முழுக்கப் பேசாத பேச்சையெல்லாம் பேசித் தீர்ப்பது அங்கேதான். நானும் உட்கார்ந்தேன். வழக்கம்போல ஒவ்வொரு வெங்காயத்தையும் கண்ணுக்கு நேரே பிடித்து, குனிந்து, பார்த்துப் பார்த்து உரித்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மிஷினு போன துக்கம்" என்றான் நண்பன்.

"ஏந்தம்பி, வெங்காயத்தப் போயி மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டு?" என்றார் பெரியம்மா. "கீழ குனிஞ்சா அழுதுக்கிட்டேதான் இருக்கணும். என்னையப் பாரு. நான் ஒரு கதை சொல்றேன்."

கதை, அவரைப் பெண் பார்க்க வந்த கதை. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்களாம். தட்டில் பூந்தி வைத்தார்களாம். "இந்த மனுஷன் தலையத் தூக்கவே இல்ல. எனக்கு ஒரே பெருமை. ஆகா, எம்புட்டு அடக்கமான பிள்ளைன்னு. பெறகுதான தெரிஞ்சது. அவரு பூந்தியப் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. கிளம்புறப்ப எங்கப்பாட்ட கேக்குறாரு, இது எந்தக் கடையிலன்னு."

வட்டத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்த பெரியப்பா நிமிரவே இல்லை. "பூந்தியில ஒரு குறையும் சொல்ல முடியாது" என்றார்.

பந்தலே அதிர்ந்தது. பெரியம்மா விடவில்லை. "அப்ப எங்கிட்ட குறை இருக்குன்றீகளா?"

"உன்னைய நான் அன்னைக்குப் பாக்கலையே தாயீ. கல்யாணத்தன்னைக்குத்தான பாத்தேன். அதுக்குள்ள பூந்திக்கு அச்சாரம் கொடுத்தாச்சு."

நான் பெரியம்மா முகத்தைப் பார்ப்பேன், பெரியப்பா முகத்தைப் பார்ப்பேன், அடுத்த அடி யார் அடிக்கப் போகிறார்கள் என்று பார்ப்பேன். விரல் பாட்டுக்கு நுனியைக் கிள்ளி, தோலைத் தள்ளி, வெங்காயத்தைச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு சமயம் பேச்சு ஓய்ந்தபோது குனிந்தால், என் முன்னால் ஒரு சட்டி நிறைந்திருந்தது. கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பெரியம்மா எட்டிப் பார்த்து, "டவுன்காரப் பிள்ளைக்குக் கை ஓடுதே!" என்றார். அன்றைக்கு அது எனக்கு ஏதோ மெடல் குத்தின மாதிரி இருந்தது.

மறுநாள் காதுகுத்து. நண்பன் புது வேட்டி கட்டி, மொட்டை போட்ட மருமகளை மடியில் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்தான். ஆசாரி கம்பியை எடுத்ததும் குழந்தை வாயில் மிட்டாயை வைத்து அழுத்தினார்கள். குழந்தை லேசாகத்தான் சிணுங்கியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று கேட்டது தாய்மாமன்தான். அவனுக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தார்கள். எனக்குப் பந்தியில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. பிறகு நானும் உட்கார்ந்து, இலையில் எலும்பு மலை கட்டுகிற அளவுக்குச் சாப்பிட்டு, வேப்பமரத்து நிழலில் கட்டிலைப் போட்டு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

பஸ் ஏற்ற வந்த பெரியம்மா ஒரு பை நிறைய வேர்க்கடலையைக் கையில் திணித்தார். "உன் மிஷினுக்குப் பதிலா இதை வச்சுக்க தம்பி. பரீச்சை என்னாச்சுன்னு இவன்ட்ட சொல்லிவிடு. இல்லேன்னா எனக்கு அடுப்பு மூட்டும்போதெல்லாம் உன் நெனப்பு வரும்."

திரும்பும்போது உட்கார இடம் இல்லை. படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தோம். கடலையை உடைத்து வாயில் போடுவதும், தோலைக் காற்றில் விடுவதும், பூந்திக் கதையை மறுபடி சொல்லிச் சிரிப்பதுமாக வந்தோம். மதுரை வெளிச்சம் தெரிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து நான் டெஸ்டை நினைக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலையில் எழுந்தால் உடம்பு துவைத்துக் காயப் போட்ட வேட்டி மாதிரி லேசாக இருந்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வயிற்றில் ஒரு மூலையில் அது உட்கார்ந்திருந்தது. ஆனால் வீடு முழுக்கத் தனது என்கிற மாதிரி உலாவவில்லை. ஆரப்பாளையம் அதே ஆரப்பாளையம்தான். டீசல் புகை, லாட்ஜு வாசலில் பல் விளக்குகிற வெளியூர்க்காரர்கள், வாழைத்தார் இறக்குகிற சத்தம். "தேனி தேனி தேனி" என்று அதே கண்டக்டர். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணே, இன்னைக்கு டீ பிரமாதம்" என்றேன்.

டீக்கடைக்காரர் சந்தேகமாகப் பார்த்தார். "வெள்ளிக்கிழமையும் இதே டீதான். நீதான் வெளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி குடிச்ச."

மாடியில் மாஸ்டர் தயாராக இருந்தார். அவர் டெஸ்டுக்கு ஒரு முறை உண்டு. காகிதத்தை மாட்டி, விரலை வைத்ததும், ஒரு துண்டை எடுத்துக் கையும் கீபோர்டும் மறைகிற மாதிரி மேலே விரித்துவிடுவார். கீழே குனிந்தால் துண்டின் கட்டம்தான் தெரியும். போன தடவை என்னைக் கவிழ்த்தது அந்தத் துண்டுதான். விரித்தவர் சட்டென்று மூக்கை உறிஞ்சினார். "என்னப்பா இது, மிஷின்ல வெங்காய வாடை?"

பக்கத்து மிஷினிலிருந்து என் நண்பன், "கிடா வெட்டு சார்" என்றான், அதுவே விளக்கம் என்கிற மாதிரி.

மாஸ்டர் ஸ்கேலால் தட்டினார். முதல் இரண்டு வரியில் என் கழுத்து பழைய ஞாபகத்தில் கீழே போகத்தான் பார்த்தது. வெங்காய வாடை குப்பென்று ஏறியது. குனிந்தால் அழ வேண்டியதுதான் என்ற பெரியம்மா குரல் காதில் கேட்டது. நிமிர்ந்துவிட்டேன். எதிரே காகிதத்தில் யாரோ ஒரு வியாபாரி யாருக்கோ துணி மூட்டை வந்து சேரவில்லை என்று எழுதிய கடிதம். அதைப் பெரியம்மா குரலில் படித்தேன். 'இம்புட்டு நாளா மூட்டைய அனுப்பாம என்னய்யா பண்றீரு?' சிரிப்பு வந்தது. விரல் துண்டுக்கு அடியில் தன் பாட்டுக்கு உரித்துக்கொண்டிருந்தது. வரி முடிகிற மணி அடிக்கும், இடது கை நெம்புகோலைத் தள்ளும், மறுபடி ஓடும். கம்பிகள் ஒரே ஒரு தடவைதான் முட்டிக்கொண்டன.

ஒன்று மட்டும் அப்போது விளங்கியது. அட்டையில் எழுத்து விழாது. சரியாக அடித்தோமா என்று தெரிய வேண்டுமானால் குனிந்து பார்த்தே ஆக வேண்டும். மாசக்கணக்கில் மத்தியானம் எல்லாம் உட்கார்ந்து நான் பழகியது டைப் இல்லை, குனிகிறதுதான். பெரியம்மா எரித்தது அதைத்தான்.

மாஸ்டர் பேப்பரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சிவப்புப் பென்சில் ஓர் இடத்தில் நின்றது. இன்னோர் இடத்தில் நின்றது. இன்னொன்றில் சுழித்தது. நான் மாமா கடை ஸ்டூலை நினைத்துக்கொண்டேன். அவர் பேப்பரை மடித்தார். "வேகம் இன்னும் போதாது. பரீட்சைக்குள்ள தேத்திரலாம். ஆனா கோழி கழுத்தை நிமித்திருச்சு. பேரை எழுதிக்கிறேன், போ."

இறங்கி வரும்போது நண்பன் முதுகில் ஒரு அடி போட்டான். "பெரியம்மாவுக்குச் சொல்லிவிடுறேன். அடுப்புக்கு அடுத்த அட்டை எப்ப வரும்னு கேப்பாக."

வீட்டுக்குப் போகும் முன் மாமா கடைக்குப் போனேன். அவரிடம் நானே சொல்வதுதான் மரியாதை என்று பட்டது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஆணிப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "நல்லதாப் போச்சு மாப்ள. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு பயம்தான். நீ ஒவ்வொரு ஆணியையும் பாத்துப் பாத்து எண்ணிக்கிட்டு இருந்தா, வந்த ஆளு அடுத்த கடைக்குப் போயிருவான்." ஸ்டூலைத் தூக்கி என் பக்கம் வைத்தார். "இதை எடுத்துட்டுப் போ. உனக்குன்னு வாங்கினது. வேற யாரும் உக்காந்தா எனக்குப் பிடிக்காது. மிஷின் முன்னால போட்டு உக்காரு. அங்கயும் ஆடாது."

அந்தத் தேக்கு ஸ்டூலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தேன். தெருவில் தெரிந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள், "என்னப்பா, வீடு மாத்துறீகளா?" இன்ஸ்டிடியூட்டுக்கு என்றேன். ஸ்டூல் காலைப் பிடித்திருந்த விரல்கள் அந்தத் துணி மூட்டைக் கடிதத்தை மறுபடியும் முதல் வரியிலிருந்து தட்டிக்கொண்டே வந்தன. நான் தெருவைப் பார்த்து நடந்தேன்.